எட்டு மணி நேரச் சராசரி

பாயான் லெப்பாஸில் மழை பிடித்துக்கொண்ட மதியம்.
கார்டு வாசலில் நிறுத்திப் பேர் எழுதி, அடையாள அட்டையை வாங்கி வைத்து,
கடைசியில் சொட்டும் குடையோடு என் மேசைக்கு விட்டான்.
"என் ரெக்கார்டு வேணும். டாக்டர் கேக்கறாரு."

புஷ்பலீலா. கணினியில் இல்லை.
மூன்று விதமாக எழுத்துக்கூட்டிப் பார்த்தேன், இல்லை.
பிறகு அவள் அப்பாவைத் தட்டினேன்.
சங்கிலிமுத்து.
உடனே வந்தார்.
குடும்பப் பெயர் கேட்ட கட்டத்தில்
எவனோ அவரை உட்காரவைத்திருக்கிறான்.
பால்மரக் காட்டைத் தாண்டி வேலை பார்த்தறியாத மனிதர்
மூன்றாவது லைனில், இரவு ஷிஃப்டில்,
ஆறு வருடம் பலகை கழுவியிருக்கிறார்.

ஸ்டோரில் பெட்டி இருந்தது. 2001.
மேலே சிவப்புத் தாள்: 2031 வரை வைத்திருக்கவும்.
முப்பது வருடம் என்பது சட்டம்.
ஒரு மூலையை மட்டும் எலி படித்திருந்தது.

"என்ன கெமிக்கல்னு கேக்கறாங்க.
எங்களுக்கு அது மிட்டாய்த் தண்ணி."
இனிப்பு வாசமாம். கையில் பட்டால் ஜில்லென்று ஓடி
தோலை வெள்ளையாய் விட்டுப் போகுமாம்.
ரொஹானா அதில்தான் நகப்பூச்சைத் துடைப்பாளாம்,
சனிக்கிழமை தோறும்.

தாளில் மிட்டாய்த் தண்ணி இல்லை.
தாளில் டி-14.
டி-14 யாரென்று வேறொரு தாளில் இருந்தது:
ட்ரைக்ளோரோஎத்திலீன்.
வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள்,
கல்யாணத்துக்கு வராத தூரத்து உறவின் பெயரைப் போல.

ஒரே ஒரு நாள் அவள் காலரில் பம்பு மாட்டியிருக்கிறார்கள்.
ஆகஸ்ட் பதினான்கு, செவ்வாய்.
தீப்பெட்டி அளவு, ஒரு ரப்பர்க் குழாய்;
அவள் மூச்சுக்குப் பக்கத்திலேயே
எட்டு மணி நேரம் அதுவும் மூச்சு இழுத்தது.
சராசரி: வரம்புக்குக் கீழே.

"ஞாபகம் இருக்கு," என்றாள்.
"அன்னிக்கு எல்லா ஃபேனும் ஓடுச்சு.
சூப்பர்வைசர் மாஸ்க்குகூடக் கொடுத்தாரு.
மத்த நாளு?"

மற்ற நாட்கள் கட்டம் போட்ட பேரேட்டில் இருந்தன.
விசிறி, வடிகட்டி, கையுறை. தினம் மூன்று டிக்.
எல்லாம் ஒரே நீல மை, ஒரே சாய்வு,
ஹரி ராயாவுக்கும் சேர்த்து.
ஆலை பூட்டிக் கிடந்த அந்த இரண்டு நாளும்
விசிறி நன்றாகவே ஓடியிருக்கிறது.

"யாரு கையெழுத்து இது?"

எனக்கு அப்போது பத்தொன்பது. சேர்ந்து மூன்றாவது மாதம்.
நாளைக்கு ஆடிட் என்றார்கள்.
ஒரு கோப்பை மைலோவும் ஒரு பேனாவும் தந்தார்கள்.
விரல் வலித்தது; வேறெதுவும் நினைவில்லை.
இதையெல்லாம் அவளிடம் சொல்லவில்லை.
"என்னுது" என்றேன்.

திட்டியிருக்கலாம்.
தாளை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்தாள்.
"நல்ல பேனா. இன்னும் மங்கல."

நகல் எடுத்தேன். பதினொரு தாள், சூடாக.
பேரேட்டையும் சேர்த்தேன், யாரையும் கேட்காமல்.
அதன் ஓரத்தில், இன்றைய தேதியில்,
'இவை அன்றன்று எழுதப்பட்டவை அல்ல' என்று எழுதி
என் பெயரைப் போட்டேன்,
அப்பாவை இழுக்காமல்.

பிளாஸ்டிக் பையில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு
கதவு வரை போனவள் திரும்பினாள்.
"ரொஹானாவோடதும் எடுக்க முடியுமா?"
உரியவரே வரவேண்டும் என்றேன்.
"அவ போயி நாலு வருஷமாச்சு."
மழையில் குடை விரியும் சத்தம் கேட்டது.

மணி ஐந்தே கால். ஸ்டோர் விளக்கை மறுபடி போட்டேன்.
ரொஹானா பிந்தி சாலே. முதல் தட்டிலேயே கிடைத்தாள்,
சொந்தப் பெயரில்.
பம்பு மாட்டிய நாள் என்று அவளுக்கு ஒன்றுமே இல்லை.

டிக் மட்டும் இருந்தது.