நைரோபி வழியாக

அருவங்காட்டுச் சங்கு ஊதி அடங்கிய நேரம்
கடைக்கு வந்தாள் செபெத்.
ரீசார்ஜுக்கு இல்லை.
போனை நீட்டினாள்:
‘இந்த நிகழ்ச்சி உங்கள் பகுதியில் கிடைக்காது.’

என் பகுதியைப் பற்றி
யாரோ இவ்வளவு உறுதியாகச் சொன்னதில்
எனக்கும் கொஞ்சம் கோபம்.

கென்யாவில் கெரிச்சோ அவள் ஊர்.
அங்கும் தேயிலைதானாம், மழைதானாம்.
அவ்வளவு தூரம் பறந்து வந்து
மறுபடி தேயிலைக்கு நடுவிலேயே
வாடகை கொடுப்பதாகச் சிரித்தாள்.
ஊட்டிக்கு பஸ்ஸில் போய் மருந்தியல் படிக்கிறாள்.
இரவு பத்துக்கு, அங்கே ஏழரை,
அவள் அம்மா ஒரு சீரியல் பார்ப்பாள்.
முடிந்ததும் இருவரும் போனில் அதைத் திட்டுவார்கள்.
திட்டுவதற்காவது பார்க்கவேண்டும் இல்லையா.

இலவச விபிஎன் ஒன்றை ஏற்றிக் கொடுத்தேன்.
எல்லோருக்கும் அதைத்தான் கொடுப்பேன்:
டப்ளினுக்கு நர்ஸாகப் போன பெனிட்டாவுக்கு,
போலந்தில் லாரி ஓட்டும் முபாரக்குக்கு.

அது அவளை முதலில் நெதர்லாந்துக்குக் கூட்டிப்போனது.
பிறகு சிங்கப்பூருக்கு.
கென்யாவின் பக்கத்தில் சின்னதாக ஒரு பூட்டு.
வேறொன்றை ஏற்றினேன்.
நாலாம் நாள் உள்ளே நுழைந்துவிட்டாள்.
யாரோ கதவைத் தட்டுகிறார்கள்,
மருமகள் எழுந்து போகிறாள்,
தாழ்ப்பாளில் கை வைக்கிறாள்,
இன்றைய ஐந்நூறு எம்பி முடிந்தது.

வந்தது யார் என்று அம்மாவைக் கேட்டாள்.
அம்மா வேண்டுமென்றே மாற்றிச் சொன்னாளாம்.

“தானம் வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது”
என்றேன், தெரிந்த ஆங்கிலத்தில்,
மிச்சத்தைக் கையால் பல்லைத் தொட்டு.

அவள் கவுண்டரில் சாய்ந்துகொண்டு
அந்த ஆப்பின் நிபந்தனைகளைப் படிக்கத் தொடங்கினாள்,
மாத்திரை டப்பாவுக்குள் மடித்து வைத்த தாளைப்
பக்கவிளைவு வரை படிப்பவளாக.
இருபது நிமிஷம்.
நடுவில் ரெண்டு பேருக்கு டெம்பர் கிளாஸ் ஒட்டினேன்.

“இந்த மாடு
நம்முடைய பல்லை எண்ணுகிறது” என்றாள்.
எதைப் பார்த்தோம், எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம்,
எல்லாம் பார்ட்னர்களுக்குப் போகலாமாம்.
பார்ட்னர் என்றால் பங்காளி.
பங்காளியைப் பற்றி எனக்குச் சொல்லவேண்டியதில்லை,
எட்டு வருஷமாகக் கோர்ட்டுக்கு அலைகிறேன்.

பெனிட்டாவுக்கு அன்றிரவே மெசேஜ் போட்டேன்.
முபாரக் நம்பர் மாற்றிவிட்டான்.

காசு கொடுத்து வாங்குவது
மாதக் கணக்கில் விலை, வருஷக் கணக்கில் மலிவு.
ஆனால் வருஷம் முழுக்க இங்கேதான் இருப்போம் என்று
யாரால் எழுதிக் கொடுக்க முடியும்?
பஸ் செலவோடு கூட்டிப் பார்த்தாள், கழித்துப் பார்த்தாள்.
கடைசியில் வகுப்பில் நாலு பேர் சேர்ந்து போட்டார்கள்.
ஐந்து கருவிக்கு அனுமதி.
ஐந்தாவதை எனக்குத் தந்தாள்,
மாட்டுக்காக.

“இதுவும் பொய்தான், அண்ணா.
நல்ல தரமான பொய்.”

நேற்று ஷட்டரை இறக்கிவிட்டு
நைரோபியைத் தொட்டேன். பச்சை விளக்கு எரிந்தது.
அவள் சீரியல் ஓடியது, ஒரு வார்த்தை புரியவில்லை.
மாமியாரை மட்டும் உடனே தெரிந்தது.
நடுவில் சிமென்ட் விளம்பரம்.
அப்புறம் வானிலை: கெரிச்சோவில் மழை.
என் தகரத்தின் மேலும் அதே நேரத்தில் விழுந்தது.
எது எங்கே பெய்கிறது என்று பார்க்காமல்
தூங்கிப்போனேன்.

காலையில் வாசலில் காட்டெருமைச் சாணி.
ஷட்டரைப் பாதி தூக்குவதற்குள்
கரண்ட் பில்லோடு நின்றார் பெள்ளிராஜ்.
இன்றுதான் கடைசித் தேதி.
தளம் திறக்கவே இல்லை.
வெளிநாட்டிலிருந்து வருகிறீர்கள், அனுமதி இல்லை என்கிறது.

“என்னப்பா ஆச்சு?” என்றார்.

“ஒரு நிமிஷம் இருங்கண்ணா,
ஊருக்கு இன்னும் வந்து சேரலை நான்.”