மண்புழுக் கணக்கு

நாற்பத்தேழாம் எண் தோட்டத் துண்டில்
புல்லைத் தவிர எதையும் வளர்த்ததில்லை ஸெனோன்.
போஸ்னானில் முப்பது வருடம் டிராம் ஓட்டியவர்.
வேலிக்கு இந்தப் பக்கம் நான்.
ஒன்பது வருடத் தலையசைப்புக்குப் பிறகு
ஓர் ஏப்ரல் காலையில்
காலித் தயிர் டப்பாவை நீட்டி,
"உங்கள் எருக்குழியில் புழு கிடைக்குமா?" என்றார்.

கிடைத்தது.
என் பீட்ரூட் தோலையும் தேயிலைச் சக்கையையும்
தின்று கொழுத்த சிவப்புப் புழு.
முப்பது எண்ணிப் போட்டேன்.
எதற்கு எண்ணினேன்?
கொடுக்கல் வாங்கல் என்றால் விரல் தானே எண்ணுகிறது.

மறுநாள் வேலிக் கம்பியில் ஒரு பை தொங்கியது.
உள்ளே, செய்தித்தாளில் சுற்றிய ஏழு மீன் தலை.
உடம்பு அவருக்கு, தலை எனக்கா?
வந்த கோபத்தில் திருப்பி வீசியிருப்பேன்.
தாளின் ஓரத்தில் பென்சில் எழுத்து:
"தக்காளிக்கு அடியில். ஒரு முழம் ஆழம்.
பூனை தோண்டும், மேலே கல் வையுங்கள்."

அந்த வருடத் தக்காளியைப் பற்றி
நான் ஆரம்பித்தால் உங்களுக்குப் பொழுது போதாது.

ஜூனில் ஆற்றுக்கு அழைத்தார்.
ஆற்றின் பெயர் வார்த்தா.
ஆனால் அதன் கரையில் வாய் திறக்கக் கூடாதாம்.
விடியுமுன் நாலு மணி, இரண்டு மடக்கு நாற்காலி,
பாலைப் போல் மூடுபனி.
நானோ தண்ணீர் ஊற்றும்போது வெங்காயத்தோடும் பேசுகிறவள்.
தங்கையின் இடுப்பு அறுவை,
சங்கம் ஏற்றிய தண்ணீர்க் கட்டணம்,
முட்டைக்கோஸில் விழுந்த பூச்சி,
ஒன்றையும் விடவில்லை.
தக்கை அசையவும் இல்லை.
ஏழு மணிக்கு அவர் சொன்னார்:
"மீனெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறது போல."
சிரித்தாரா, தெரியாது.
அவ்வளவு அடர்த்தி அந்த மீசை.

ஆகஸ்டில்தான் புல்லின் ரகசியம் தெரிந்தது.
இரவு தங்கக் கூடாது என்பது சங்கத்தின் விதி.
வருடத்தில் ஒரே ஓர் இரவு
அந்த விதியை மீற ஒரு கூடாரம் வைத்திருந்தார்.
புல்தரை சரியாக அதன் அளவு.
ஜிப் அறுந்திருந்தது, தைத்துக் கொடுத்தேன்.
"தைத்தவர்தான் படுக்க வேண்டும்,
காவலாளி வந்தால் நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று
வெளியே நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

அறுபத்தொரு வயதில் முதல் முறையாக
முதுகுக்கும் பூமிக்கும் நடுவே
ஒரு துணி மட்டும்.
கடைசி டிராம் திரும்பும் ஓசை.
முள்ளெலி ஒன்று என் அவரைப் பந்தலுக்குள் தும்மியது.
ஈர இலையைப் புழு இழுக்கும் சத்தம்கூடக் கேட்டது,
கேட்டது என்றே நினைக்கிறேன்.
அப்போது ஸெனோன் பேசத் தொடங்கினார்.
முதலில் சக்கரம், பிறகு பனி,
தண்டவாளத்தில் உறைந்து கிடந்த ஒரு கையுறை,
அதை எடுக்க இறங்கியதால் தாமதமான ஆறு நிமிடம்,
அதற்காக எழுதிக் கொடுத்த விளக்கக் கடிதம்,
கடிதத்தில் எழுதாமல் விட்டது.
நான் இடையில் ஒரு வார்த்தை போடவில்லை.
மீன் மாதிரி கேட்டுக்கொண்டிருந்தேன்.

அக்டோபரில் அறுபது துலிப் கிழங்கு கொடுத்தேன்.
கூடாரத்துக்கு இடம் விட்டு,
நூல் பிடித்து, தண்டவாளம் போல் நேராக
அத்தனையையும் நட்டார்.
கூர் மேலே, வேர் கீழே.
எல்லாம் சொல்கிற நான்
அதை மட்டும் சொல்ல மறந்திருந்தேன்.
கடைசிக் கிழங்கை அவர் மண்ணில் அழுத்தியபோதுதான் பார்த்தேன்.

ஊரெல்லாம் பூத்து உதிர்ந்த பிறகு
மே நடுவில் வந்தன.
குட்டை, கோணல், ஆனால் சிவப்பு.
நின்று பார்க்கிறவர்களிடம்
"இது தனி ரகம்" என்கிறார் ஸெனோன்.
நானும் ஆமாம் போடுகிறேன்,
டப்பாவில் புழுவை எண்ணிக்கொண்டே,
இருபத்தெட்டு, இருபத்தொன்பது,
உதட்டைக் கடித்தபடி.