இருபத்தெட்டு அடிக்கு இடம்

ஆனி முழுக்க ரோட்டோரம் நின்ற வள்ளத்தில்
பஞ்சாயத்துக்காரன் நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போனான்.
ஏழு நாள்.

நீரோடியில் இப்போது கரை கிடையாது,
கல் இருக்கிறது, கல்லின் மேல் கடல் இருக்கிறது.
போன வருஷம் மெல்கியாசின் வள்ளத்தை
கல்லிடுக்கில் வைத்துப் பாக்கு வெட்டியது அது.
அதைப் பார்த்துத்தான் டிரெய்லர் வாங்கினேன்.
சங்கத்தில் கடன், பழைய ஜீப் டயர் இரண்டு.
இனி எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோகலாம் என்றான் விற்றவன்.
கொண்டுபோகலாம்தான்.
எங்கே விடுவது என்று அவனும் சொல்லவில்லை
நானும் கேட்கவில்லை.

கோயில் முற்றத்தில் கொடிமரம் வரைக்கும் பதினான்கு.
இன்னும் ஒன்று வந்தால்
பூசைக்கு வள்ளத்தில்தான் உட்கார வேண்டும் என்றார் சாமியார்.
கொல்லங்கோட்டுச் சூளையில் கூரை உண்டு,
கூரைக்கடியில் வேகாத செங்கல்.
"இது நனைஞ்சா மண்ணு.
உம்ம வள்ளம் நனைஞ்சா வள்ளம்தானே?"
பதில் சொல்லத் தெரியவில்லை.
ஊரம்பில் ஒரு பலாமரத்தடி, வாடகை குறைவு.
பேசிக்கொண்டு நிற்கும்போதே
டிரெய்லருக்கு ஒரு முழம் தள்ளி விழுந்தது ஒன்று.
மூடிக்கிடக்கும் அண்டியாபீசில் இடமோ இடம்,
சாவி கோர்ட்டில்.

எல்லை தாண்டும்போது போலீஸ்காரர் கைகாட்டினார்.
எங்கேயிருந்து என்றார். கடலிலிருந்து.
எங்கே போகிறது?
அதைத்தான் சார் தேடுகிறேன்.
சுற்றிவந்து பார்த்தார், விளிம்பைத் தட்டினார்,
மீன் இல்லையா என்றார்.
இல்லாத வள்ளத்திடம் அவருக்கு வேறு பேச்சில்லை.

பாறசாலை தாண்டி
வாசவனின் கல்யாண ஆடிட்டோரியம்.
நேற்றோடு கடைசிக் கல்யாணம் முடிந்து
வாழைக்குலை வாடித் தொங்குகிறது வாசலில்.
"கர்க்கடகத்தில் இங்கே ஈகூட வராது.
பந்தி ஹாலில் கேற்றிக்கோ.
சிங்கம் ஒண்ணுக்கு முன்னே எடுத்துடணும்.
அன்றைக்கு எனக்கு இரண்டு முகூர்த்தம்."

அவரிடம் ஒரே ரசீதுப் புத்தகம்தான்.
மணமகன் கட்டத்தில் என் பெயர், ததேயுஸ்.
மணமகள் கட்டத்தில் பேனா நின்றது.
வள்ளத்தின் நெற்றியைப் பார்த்து, எழுத்துக்கூட்டி,
சகாயமாதா, டி.என். பதினைந்து என்று எழுதினார்.
சைவமா அசைவமா என்பதை அடித்தார்.
விருந்தினர் எண்ணிக்கைக்கு ஒரு கோடு.
வலையைக் கழற்றிக் கொண்டுபோய்விடு,
எலி உண்டு என்றார்.

கதவு ஒன்பதடி, வள்ளம் எட்டே கால்.
ஆறு பேர் சேர்ந்து உள்ளே தள்ளினோம்.
கைகழுவும் குழாய் வரிசைக்கு முன்னால்
மூக்கை நீட்டிக்கொண்டு நின்றது.
முந்நூறு பிளாஸ்டிக் நாற்காலியை
நாங்கள் கேட்காமலே எடுத்து அதற்குள் அடுக்கினார் வாசவன்.
தரை மிச்சமாகுமாம்.

வின்சென்சியா ரசீதைப் படித்தாள்.
திரும்பப் படித்தாள்.
"மொத்தம் எவ்வளவு ஸ்திரீதனம் தந்தாளாம்?"
என்று கேட்டுவிட்டு
கடன் பாஸ்புத்தகத்துக்குள் மடித்து வைத்தாள்.

ஆடி மூன்றாம் நாள் இரவு போன் வந்தது.
ஓடு நழுவியிருக்கிறது, உடனே வா.
பைக்கில் போனேன், மழை கண்ணைக் குத்தக் குத்த.
டார்ச் அடித்தால்
நாற்காலிக் கால்கள் மிதக்காமல் நின்றன,
அவற்றைச் சுற்றி ஒரு சாண் உயரத்துக்குத் தண்ணீர்.
ஒரு சொட்டு வெளியே கசியவில்லை.
பார்த்தாயா, நல்ல பணி என்று வாசவனிடம் சொன்னேன்.
அவர் சாம்பார் வாளி ஒன்றை நீட்டினார்.

கடலிலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர்.
நடுச்சாமம், பந்தி ஹால்.
வள்ளத்தில் குந்தி
வெள்ளம் கோரிக்கொண்டிருந்தேன்.