நாலு ரிவர்ஸ், ஒன்று முன்னே

புரட்டாசி இரண்டாம் சனிக்கிழமை வந்து இறங்கியது எஞ்சின்.
உம்ஷ்லாங்காவில் மதிலில் ஏறி நின்ற
ஒரு போர்ஷின் பின்பாதி.
முன்பாதியைப் பற்றி விற்றவன் பேசவில்லை,
நானும் கேட்கவில்லை.
பக்கத்துக்கு மூன்றாய் ஆறு சிலிண்டர்.
பழைய டயர்மேல் உட்கார்ந்திருந்தது
விருந்துக்கு வந்தும் கை நனைக்காத சம்பந்தி மாதிரி.

"தண்ணி எங்க ஊத்துறது?" என்றான் கொழுந்தன் தனசீலன்.
தண்ணீர் குடிக்காது. காற்று மட்டும்தான்.
"அதுக்கும் விரதமா" என்று போய்விட்டான்,
மாதம் முழுக்க ஆட்டுக்கறியை நினைத்துக்கொண்டே
கத்தரிக்காய் தின்பவன்.

என் காம்பி அறுபத்தாறாம் வருஷத்தது.
முன்கண்ணாடி நடுவில் வகிடெடுத்தது.
வெருலத்துப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் ஏற்றிப்போய்
சீட்டுக்கு அடியில் இன்னும் பென்சில் துருவல்.
டோங்காட் ஏற்றத்தில் கரும்பு லாரிகள் எங்களை முந்தும்.
முந்திய பிறகு ஒரு சோகை
பறந்து வந்து கண்ணாடியில் ஒட்டும்,
ரசீது கொடுப்பது போல.
அந்த ரசீதுகளை நான் எண்ணிவைத்திருந்தேன்.

மூன்று வாரம், வேலை விட்டு வந்த இரவுகள்.
விசிறி நிமிர்ந்து நிற்பதால் மேல்தட்டை அறுத்தேன்.
பிள்ளைகள் பை வைத்த மூலையில்
எண்ணெய்த் தொட்டியை ம்துன்சி வெல்டு வைத்தான்.
சுற்றிலும் ரப்பர் வரி. ஒரு விரல் இடைவெளி விட்டாலும்
தான் விட்ட சூட்டையே தான் இழுத்துச்
செத்துப்போகும் இது.
வெளியே கரும்புக்காடு எரிந்தது.
கருஞ்சாம்பல் சுருள் சுருளாய் இறங்க
கார்புரேட்டர் வாய்களை
என் பழைய உள்பாவாடையால் கட்டினேன்.
பின்சக்கரத்தோரம் இருந்த இரண்டு குட்டிப் பல்சக்கரப் பெட்டிகளைக்
கழற்றி எறிந்தோம். வேகத்தைக் குறைப்பவை, நமக்கெதற்கு.

கடைசிச் சனிக்கிழமை தெருவே வந்து நின்றது.
சாவி திருகினேன்.
ஜவுளிக்கடையில் காடாத் துணியை
ஒரே இழுப்பில் கிழிக்கும் சத்தம்,
நிற்காமல்.
ம்துன்சி தொப்பியைக் கழற்றினான்.
முதல் கியர். கிளட்சை விட்டேன்.
கோவெண்டர் அக்காவின் வாழைக்குள் போய் நின்றோம்,
பின்பக்கமாக.

ரெண்டாவது போட்டுப் பார் என்றது தெரு.
இன்னும் வேகமாய், இன்னும் பின்னால்.
மூன்றாவதைச் சோதிக்க வாழை மிச்சமில்லை.
அந்தக் குட்டிப் பெட்டிகள்
வேகத்தைக் குறைத்ததோடு
சுழற்சியையும் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தன,
அறுபத்தாறிலிருந்து, ஒருவரிடமும் சொல்லாமல்.
நூற்றெண்பது குதிரைகளையும்
வால்பக்கம் பூட்டியிருக்கிறேன்.
ரிவர்ஸில் போட்டால் முன்னே நகர்ந்தது.
அதிலேயே, நடை வேகத்தில்,
தெரு கைதட்டக் கொட்டகைக்குத் திரும்பினேன்.
முறிந்த தார் அன்றிரவு பொரியல்.
புரட்டாசி; வேறென்ன.

ஐப்பசியில் கியர்பெட்டியைப் பிளந்து
பெரிய பல்வட்டத்தை மறுபக்கம் மாற்றினோம்.
முழங்கை வரைக்கும் கருப்பெண்ணெய். தனசீலன்
கறி வாசத்தோடு டார்ச் பிடித்தான்.

டோங்காட் ஏற்றம். முன்னால் கரும்பு லாரி.
மூன்றாவது கியரில் மிதித்தேன்.
லாரி பக்கவாட்டுக் கண்ணாடிக்குள் போய்ப்
பொட்டாய்ச் சிறுத்தது.
ஏற்றம் முடிந்தது, நான் இன்னும் மிதித்துக்கொண்டிருந்தேன்.

இறக்கத்தின் அடியில் சிவப்பு விளக்கு.
பிரேக் அறுபத்தாறிலேயே இருந்தது.
அதன்மேல் எழுந்து நின்றேன்.
காம்பி முனகியது, யோசித்தது,
கோட்டைத் தாண்டி அரை வண்டி நீளத்தில் நின்றது.
லாரி மெல்ல வந்து பக்கத்தில் நிற்க
டிரைவர் குனிந்து,
"சிஸி, அந்த எஞ்சின் எங்கிருந்து?" என்றான்.
பதில் சொல்லுமுன் பச்சை விழுந்தது.
அவன் போய்விட்டான். ஒரு சோகை
வந்து வகிட்டில் ஒட்டியது.
நான் ஒரு காலால்
இன்னொரு காலின் நடுக்கத்தை
அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தேன்.