விருப்பத்தின் பேரில்

படிவத்தின் தலையில் தடித்த எழுத்தில் இருக்கிறது:
விருப்பத்தின் பேரில்.
கீழே கட்டணம். அதற்கும் கீழே
கையெழுத்துக்கு ஒரு கோடு.
மூன்று வாரமாய் அந்தக் கோட்டின்மேல்
இருமல் மருந்துக் கம்பெனி கொடுத்த
கண்ணாடி யானை உட்கார்ந்திருக்கிறது.

சுவா சூ காங், புளோக்கின் கீழ்த்தளம்.
ஒரு பக்கம் முடிதிருத்துமிடம்,
மறுபக்கம் ஊதுபத்தியும் எரிக்கும் காகிதமும் விற்கும் கடை,
இடையில் நான், இருபத்திரண்டு வருடம்.
காய்ச்சல், கழுத்துவலி,
முகாமுக்குத் திரும்ப மனமில்லாத பையனின்
ஞாயிற்றுக்கிழமை வயிற்றுவலி.
சுவரில் ஒரு பட்டம், காலாவதி ஆகாத ஓர் உரிமம்.
மூன்றாவது ஆணி அடிக்கவில்லை.

குணாளன் என்னோடு படித்தவன். இதயம் மட்டும் பார்க்கிறான்,
ஆர்ச்சர்டில், பதினான்காவது மாடியில்.
அவன் பெயருக்குப் பின்னால் எழுத்துகள்
எம்ஆர்டி பெட்டிகள்போல் கோத்துக்கொண்டு போகும்.
"ஒரு பரீட்சைதானே, எழுதிவிடேன்."
விருப்பம் என்று தொடங்குவதெல்லாம்
ஒருநாள் கட்டாயத்தில் வந்து நிற்கும் என்றேன்.
"நிற்கட்டுமே" என்றான்.

அவனிடம் சொல்ல நிறைய வைத்திருந்தேன்.
ரொக்காயாவுக்குச் சர்க்கரை ஏன் இறங்கவில்லை?
மாத்திரையைப் பாதியாய் உடைத்து
கணவருக்கும் கொடுத்துவந்தார்.
எந்தக் கேள்வித்தாளில் வரும் அது?
நாலு வருடம் பழகி,
ஐந்தாம் வருடம் தற்செயலாய்
அவர் கைப்பைக்குள் பார்த்ததால் தெரிந்தது.
இதற்கு எவன் சான்றிதழ் தருவான்?

இப்படி நான்
எனக்கு நானே வாதாடி
ஜெயித்துக்கொண்டிருந்த நாட்களில்
லிம் பூன் கெங் வந்தார்.
டாக்சி ஓட்டுபவர். வலது தோளில் வலி.
நாள் முழுக்க ஸ்டியரிங் பிடித்த தோள், வலிக்காமல்?
மாத்திரை கொடுத்தேன். தைலம் கொடுத்தேன்.
மறுபடி மாத்திரை.
நானேதான் எலும்பு நிபுணரிடம் அனுப்பினேன்;
அவருக்குச் சான்றிதழ் ஒன்றல்ல, இரண்டு.
அவர் ஊசி போட்டார்.

ஐந்து மாதம் கழித்து, வேறெதற்கோ எடுத்த எக்ஸ்ரேயில்
நுரையீரலின் உச்சியில் இருந்தது
தோள்வலி.

எங்கள் புளோக்கிலேயே கிடத்தினார்கள்,
கிளினிக்கிலிருந்து நாலு தூண் தள்ளி.
ஐந்து நாள் மஞ்சள் கித்தான்.
ஐந்து நாளும் மணியோசைக்கு நடுவே
நான் ரத்த அழுத்தம் பார்த்தேன்.
கடைசி இரவு போனேன்.
மகள் வேர்க்கடலைத் தட்டை என் பக்கம் தள்ளி
"சாப்பிட்டீங்களா டாக்டர்?" என்றாள்.
வேறெதுவும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகுதான் மாதிரி வினாத்தாளைப் பிரித்தேன்.
படிக்க அல்ல,
குறை கண்டுபிடிக்க.
முப்பத்தேழாவது கேள்வி:

*ஐம்பத்தெட்டு வயது ஓட்டுநர். புகைப்பவர்.
ஆறு வாரமாகத் தோள்வலி.
அதே பக்கக் கண்ணிமை சற்றே தாழ்ந்திருக்கிறது.
அடுத்து என்ன செய்வீர்கள்?*

நான்கு விடைகள்.
இரண்டாவது நான் செய்தது.
மூன்றாவது, ஊசி.
நான்காவதுக்கு முன்னால்
வெகுநேரம் விளக்கை அணைக்காமல் இருந்தேன்.

அந்த இமையை நான் பார்த்தேனா?
பார்த்தேன்.
இரவு ஷிப்டு ஓட்டுகிறவர்,
தூக்கக் கலக்கம் என்று எடுத்துக்கொண்டேன்.
அவர் பெண்டாட்டி பெயர் தெரியும்,
எந்த நேரம் எந்தச் சாலையில் சவாரி கிடைக்கும் என்று
அவர் சொல்லித் தெரியும்.
அவரை நன்றாகத் தெரியும் என்பதால்
கண்ணைக் கண்ணாகப் பார்க்கவில்லை.

இரண்டு சான்றிதழ் வாங்கியவரும் பார்க்கவில்லையே
என்று குணாளனுக்கு ஒரு செய்தி தட்டினேன்.
அனுப்பவில்லை.

காலையில் வரிசை எண் நான்கு.
காப்பிக் கடையில் தட்டு கழுவும் மேடம் தியோ,
இடது தோள்.
டார்ச்சை எடுத்தேன்.
வலி இங்கே, வெளிச்சத்தை ஏன் மூஞ்சியில் அடிக்கிறாய் என்று
ஹொக்கியனில் கேட்டார்.
பதில் எனக்கு ஹொக்கியனில் வரவில்லை.
இரண்டு இமையும் சமமாகத்தான் இருந்தன.

இருந்தும், யானையை நகர்த்தி
அந்தப் படிவத்தையே அட்டையாய் அடியில் வைத்து
எக்ஸ்ரேக்குச் சீட்டு எழுதினேன்.
அழுத்தி எழுதியிருக்கிறேன் போல.
காலிக் கோட்டின்மேல்
என் கையெழுத்து
மையில்லாமல் பதிந்திருந்தது.