மணிக்கட்டில் குற்றமில்லை

பாசிர் பாஞ்சாங் முனையம், இரவு ஷிஃப்டுக்கு முன்.
முதலுதவி அறை மேசையில்
சோப்புப்பெட்டி அளவில் ஒரு கருவி.
சட்டைக்கையை மடித்து, பசை தடவி
இரண்டு பட்டைகளை ஒட்டுகிறாள் ஹஸ்லிண்டா.
"கொஞ்சம் சுருக்குன்னு இருக்கும், அபாங்."

சுருக்.
நான் சொல்லாமலே துள்ளுகிறது கட்டைவிரல்.
பதினொரு மாதமாய்
சூப்பர்வைசருக்கு "ஓகே லா" என்று
உயர்த்திக் காட்டிய அதே விரல்.

நாற்பது மீட்டர் உயரம்,
காலடியில் கண்ணாடி,
குனிந்தபடியே பெட்டி பெட்டியாய்
கப்பலை இறக்குகிறவன் நான்.
கோப்பிக் குவளை நழுவியபோது
குவளையைத் திட்டினேன்.
மகள் சடைக்கு ரப்பர் மாட்ட வராதபோது
அவள் முடியை.

திரையில் சின்னதாய் ஒரு மேடு.
மறுபடி சுருக், மறுபடி மேடு.
"மணிக்கட்டுல ஒண்ணுமில்ல, பாதை சுத்தம்.
மேலே, கழுத்துல எங்கேயோ நசுங்குது போல.
ஆஸ்பத்திரியில ஊசி வச்சுப் பாக்கணும்."

பின்கழுத்தைத் தொட்டேன்.
எந்த இரவில்
எந்தப் பெட்டியை
அங்கே இறக்கி வைத்தேன்?

படிவத்தில் ஒரு கட்டம் இன்னும் காலி.
"எத்தனை நாளா இப்படி?" என்கிறாள்,
பேனா மூடியைக் கடித்தபடி.

வாய் திறப்பதற்குள்
கட்டைவிரல்,
இம்முறை மின்சாரம் இல்லாமலே,
பழக்கத்தில்
எழப் பார்த்தது.