பத்து எம்.எம்.

வலையங்குளம் தாண்டித் தகரக் கொட்டகை.
உள்ளே ஒரு விமானம், பறக்காதது.
லாரியில் வந்த அன்றைக்கு
மண்டேலா நகர் முக்கில் திரும்ப முடியாமல்
கழற்றிய இறக்கையோடு அரை மணி நேரம் நின்றதாம்,
டீக்கடைக்காரர் பந்தலை அவிழ்த்து வழிவிட்டாராம்.
எஞ்சின் உண்டு, உயிர் கிடையாது.
புகைக்குழாய்க்குள் சிட்டுக்குருவி
குடும்பம் நடத்துகிறது.
அதை நாங்கள் இருபத்தொரு பேர்
வாரம் ஆறு நாள் கழற்றுகிறோம்,
வாரம் ஆறு நாள் பூட்டுகிறோம்.

சுவரில் கருவிப் பலகை.
ஒவ்வொன்றின் உருவமும் சிவப்பில் வரைந்திருக்கும்.
திருப்புளி தொங்கினால் சிவப்பு தெரியாது.
சிவப்பு தெரிந்தால்
எங்கேயோ ஒரு திருப்புளி தெரியாமல் கிடக்கிறது.

நாலே முக்காலுக்குப் பிச்சைக்கனி எண்ணினார்.
மறுபடி எண்ணினார்.
பத்து எம்.எம். சாக்கெட் இடத்தில்
நெல்லிக்காய் அளவுக்குச் சிவப்பு.
கதவைச் சாத்தி, முக்காலியை இழுத்துப் போட்டு
குறுக்கே உட்கார்ந்துகொண்டார்.
"அது வரட்டும். அப்புறம் எல்லாரும் போகலாம்."

அஞ்சு மணி காரியாபட்டி பஸ்
எங்கள் காதுக்குள் ஹாரன் அடித்துவிட்டுப் போனது.

வெள்ளைத்துரை மேல்தான் எல்லார் கண்ணும்.
கீழவாசல் பைக் பட்டறையில் எட்டு வருஷம்.
டார்க் ரெஞ்ச் 'கிளிக்' என்பதற்கு முன்னாலேயே
"போதும், கை சொல்லுது" என்பான்.
உன் கையை யாருடா காலிபரேட் பண்ணினது என்று
வகுப்பே சிரிக்கும்.
பையைத் தலைகீழாகக் கொட்டிக் காட்டினான்.
டிபன் பாக்ஸ், பல் உடைந்த சீப்பு,
அடகுக்கடை ரசீது ஒன்று; அதை மட்டும் அவசரமாக எடுத்துக்கொண்டான்.
ஜெபக்கனி சக்கரத்துக்கு அடியில் மல்லாந்தாள்.
மொக்கராசு குப்பைத் தொட்டியைச் சலித்தான்,
லாக்கிங் ஒயர் துணுக்குகள் விரலைக் குத்த.

நான் தரையைப் பார்த்தபடி
அங்கிட்டும் இங்கிட்டும் நடந்தேன்.
தரையில் இல்லை என்று எனக்குத் தெரியும்.
தெரியும் என்று சொல்லக் கூடாது, சந்தேகம்.
மத்தியானம் நாலாம் பேனலுக்குள் கைவிட்டு
கேபிள் கிளாம்ப்பை இறுக்கியபோது
விளிம்பில் ஒரு நிமிஷம் வைத்தேன்.
எடுத்த ஞாபகம் இல்லை.
இருபத்திரண்டு ஸ்க்ரூ போட்டு மூடிய ஞாபகம் இருக்கிறது.
வேலை அட்டையில் கையெழுத்துப் போட்டதும்.
ச. இருளாயி. கீழே ஒரு சுழி, அழகுக்கு.

சும்மா இருந்தேன்.
இது ஓடுபாதையைக் கண்ணால்கூடப் பார்க்காது.
இதில் ஏறி இறங்குவது குருவி மட்டும்தான்.
உள்ளே ஒரு சாக்கெட் கிடந்தால்
யார் குடி முழுகிப்போகும்?
இப்படியே ஒரு மணி நேரம்.
ஜெபக்கனி முழங்கையில் கிரீஸும் சிராய்ப்பும்.
வெள்ளைத்துரை இன்னும்
பையை எடுத்து மாட்டவில்லை.

அப்போது சென்னை விமானம் எழும்பியது.
தினமும் போவதுதான். தகரம் அதிரும்,
யாரும் தலை தூக்க மாட்டோம்.
இன்றைக்கு அண்ணாந்தேன்,
தகரத்துக்கு அந்தப் பக்கம் தெரிவதுபோல.
அதன் வயிற்றிலும் ஒரு பேனல் இருக்கும்.
நேற்று ராத்திரி தூக்கக் கலக்கத்தில்
யாரோ மூடியிருப்பார்கள்.
யாரோ சுழி போட்டிருப்பார்கள்.

"நாலாம் பேனல்," என்றேன். "நான்தான்."
ஒருத்தரும் வாய் திறக்கவில்லை.
திட்டியிருக்கலாம்.
பிச்சைக்கனி பதிவேட்டில் எழுதிவிட்டுத்தான்
கருவியைக் கையில் கொடுத்தார்:
திருப்புளி ஒன்று, 5.51, இருளாயி.

வெள்ளைத்துரை டார்ச் பிடித்தான்.
பதினெட்டாவது ஸ்க்ரூ அடம்பிடித்தது.
"ரொம்ப இறுக்கியிருக்கே," என்றான்.
"கை சொல்லுதா?" என்றேன்.
சிரிக்கவில்லை. வெளிச்சத்தைக் கிட்டே கொண்டுவந்தான்.

அங்கேதான் இருந்தது,
கேபிளுக்கும் கப்பிக்கும் நடுவில்,
சுக்கான் திரும்பினால் சிக்குகிற இடத்தில்,
சமத்துப் பிள்ளை மாதிரி.

பலகையில் மாட்டினேன். சிவப்பு மறைந்தது.
பேனலை மூடி மறுபடி கையெழுத்து.
இந்தத் தடவை சுழி இல்லை.

காலையில் நான் வரும்போது
பிச்சைக்கனி பலகை முன்னால் நின்றார்.
ராத்திரி பூட்டிய கொட்டகை, சாவி அவர் இடுப்பில்.
ஆனாலும் ஒன்றிலிருந்து எண்ணிக்கொண்டிருந்தார்.
வாசலிலேயே நின்றேன்.
பத்து எம்.எம்.மைத் தொட்டார்,
"முப்பத்தெட்டு" என்றார்,
அடுத்ததுக்குப் போனார்.